சம்பத்தின் ஸ்கோர் பதினொன்று

ரத்தம் பொய் சொல்லாது என்பது சிறுசேரியில் இருக்கும் நிச்சலா சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கொள்கை. நான்கு லிஃப்டுகளிலும் கழிவறைக் கண்ணாடிகளிலும் அதை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்பதை முந்தைய ஆண்டே கண்டுபிடித்திருந்தார்கள். 'உங்களுக்கு வேலையில் மன அழுத்தம் இருக்கிறதா?' என்று படிவம் கொடுத்துக் கேட்டதற்கு ஆயிரத்து இருநூறு பேரும் 'துளிகூட இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். படிவத்தின் மேலே பெயரையும் ஊழியர் எண்ணையும் எழுதச் சொல்லியிருந்தது வேறு விஷயம்.

ஆகவே ரத்தத்தையே நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. நாள்பட்ட மன அழுத்தம் உடம்பை உள்ளுக்குள் புண்ணாக்கும், அதன் தடம் ரத்தத்தில் ஓடும் சில புரதங்களில் தெரியும் என்பது நிஜமான விஞ்ஞானம்தான். அதைச் சொன்ன விஞ்ஞானிகள் கூடவே 'அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்' என்றும் சொல்லியிருந்தார்கள். நிச்சலா முதல் பாதியைப் படித்துவிட்டு இயந்திரம் வாங்கிவிட்டது. பன்னிரண்டு புரதங்களை அளந்து, பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவில் ஒரு எண்ணைத் துப்பும் இயந்திரம். அந்த எண்ணுக்கு ஸ்ட்ரெஸ் ஸ்கோர் என்று பெயர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் அளப்பார்கள்.

தனக்கோடியின் ஸ்கோர் எண்பத்து மூன்று.

தனக்கோடிக்கு நாற்பத்தாறு வயது. ஊழியர்களை ஏற்றிவரும் பேருந்துகளுக்கு நாள்தோறும் பட்டியல் போடும் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் பதினோரு வருடமாக வேலை. செம்பாக்கத்துப் பழைய குடும்பம். நிலமெல்லாம் அப்பா காலத்திலேயே மனைகளாகிக் கைமாறிவிட்டது, மிஞ்சியது ஒரு வீடு. மனைவி துர்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் தாம்பரத்தில் டயாலிசிஸ். அது முழுக்க நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில்தான் ஓடியது. வேலை போனால் காப்பீடு போகும். காப்பீடு போனால் துர்கா ஒரு மாதம் தாங்கமாட்டாள். இதை நினைக்காமல் தனக்கோடி ஒரு நாளும் பல் தேய்த்ததில்லை. ரத்தம் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

வெல்னஸ் துறைத் தலைவர் ஹரிபிரசாத் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். முப்பத்தைந்து வயது, வெள்ளை லினன் சட்டை, மேசை மேல் ஒரு கூழாங்கல். பதவியின் பெயர் சீஃப் காம்னஸ் ஆபீசர், அதாவது அமைதிக்குத் தலைமை அதிகாரி.

"உட்காருங்க தனா. இங்க சார் மோர்லாம் வேண்டாம், ஜஸ்ட் ஹரி. உங்க ஸ்கோர் பார்த்து எனக்கே மனசு கஷ்டமாயிடுச்சு. ஒரு டீம்ல ரொம்ப அமைதியானவருக்கும் ரொம்ப டென்ஷனானவருக்கும் ஐம்பது பாயிண்டுக்கு மேல கேப் இருக்கக் கூடாது. பாலிசி. ஜூன் மாச டெஸ்ட்லயும் கேப் குறையலைன்னா உங்களை நாங்க அன்போட ரிலீஸ் பண்ணிடுவோம்."

"ரிலீஸ்னா சார்?"

"வேலையில இருந்து. ஆனா அன்போட."

"என் டீம்ல நான் ஒருத்தன்தானே சார் கீறேன்? யாரோட கேப்பு?"

ஹரிபிரசாத் திரையைத் திருப்பிக் காட்டினார். டிரான்ஸ்போர்ட் டெஸ்க், இரண்டு பேர். தனக்கோடி, எண்பத்து மூன்று. சம்பத், பதினொன்று.

"கம்பெனியிலேயே லோயஸ்ட் ஸ்கோர்! பக்கத்து சீட்லயே இப்படி ஒரு மனுஷனை வச்சுக்கிட்டு நீங்க ஏன் தனா இப்படி இருக்கீங்க?"

சம்பத் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அந்தச் சாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நிச்சலாவில் மூன்று மணியிலிருந்து மூன்றரை வரை மௌன நேரம். யாரும் பேசக் கூடாது, யாரும் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. மீறினால் டீமுக்குப் பாயிண்ட் பிடிப்பார்கள். ஒரு வியாழக்கிழமை மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு சம்பத் மேசையில் தலையைச் சாய்த்தார். வயது முப்பத்தொன்பது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனக்கோடி அதைப் பார்த்தார். சம்பத்தின் இடது கை நாற்காலிக்கு வெளியே தொங்கியதையும் பார்த்தார். என்னவோ போல் இருந்தது. கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். மூன்று முப்பத்தொன்றுக்கு, "யோவ் சம்பத், இன்னாய்யா தூக்கம்?" என்று தோளைத் தொட்டபோது தோள் தோளாக இல்லை. அந்த இருபத்தாறு நிமிடத்தை தனக்கோடி யாரிடமும் சொல்லவில்லை, துர்காவிடம்கூட. ஆனால் எட்டு மாதமாக அதற்குள்ளேயேதான் உட்கார்ந்திருந்தார்.

செத்தவர் பட்டியலில் எப்படி இருக்க முடியும் என்று கேட்டால், நிறுவனம் அவரை விடுவிக்கவில்லை என்பதுதான் பதில். விடுவிக்காத ஊழியர் ஊழியர்தான். சம்பளம் மட்டும், வருகைப் பதிவு இல்லாததால், தானாக நின்றுவிட்டது. மற்றதெல்லாம் நடந்தது. அவருடைய மெயிலுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. அவர் நிரந்தரமாகப் பதிந்து வைத்திருந்த பேருந்து இருக்கை தினமும் பட்டியலில் வந்தது. அந்தப் பட்டியலைப் போட்டுக் கையெழுத்திட வேண்டியவர் தனக்கோடி. சம்பத்தின் பெயரை அடித்துப் பார்த்தார். 'பயணி தாமே ரத்து செய்ய வேண்டும்' என்றது கம்ப்யூட்டர்.

அதனால் தாம்பரத்திலிருந்து கிளம்பும் பேருந்து தினமும் காலை ஏழு நாற்பதுக்கு, சம்பத் வழக்கமாக ஏறும் சந்தோஷபுரத்தில் நின்றது. ஏறுவதற்கு யாரும் இல்லை. ஆனால் இரண்டு நிமிடம் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று விதி. எல்லோரும் கைபேசியைப் பார்ப்பார்கள். வெளியிலிருந்து காற்றும் புழுதியும் ஏறும். டிரைவர் சின்னதம்பி கண்ணாடியில் பதினான்காம் நம்பர் சீட்டைப் பார்த்துவிட்டு கதவை மூடுவார்.

"சார், பேஜாரா கீது சார்," என்றார் சின்னதம்பி ஒரு நாள். "வண்டிய எட்த்ததும் பின்னால வெயிட்டு ஏறுனா மாரி கீது. பிரேக்குல தெர்து எனக்கு. வூட்ல சொன்னா எலுமிச்சம்பயம் கட்டச் சொல்றா. கட்னா, பஸ்ஸுல மதச் சின்னம் கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல மெமோ குட்த்துட்டாங்க."

"நிறுத்தாம போயிடேன்யா."

"போனேன் சார் ஒரு நாளு. ஜி.பி.எஸ்ல மாட்டிகினேன். பாசஞ்சர விட்டுட்டு வந்துட்டன்னு எய்தி வாங்கிகினாங்க. இன்னா எய்துறது? செத்தவரு கம்ப்ளெய்ண்ட் பண்ணாரான்னு கேட்டா, அவரு ரொம்ப அமைதியானவரு, பண்ண மாட்டாருன்றாங்க."

ஸ்கோரைக் குறைக்க தனக்கோடிக்கு ஒரு வழிகாட்டி நியமிக்கப்பட்டார். விதிப்படி டீமிலேயே குறைந்த ஸ்கோர் உள்ளவர்தான் வழிகாட்டி. தினமும் மதியம் இருபது நிமிடம் தனக்கோடி சம்பத்தின் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, கற்றுக்கொண்டதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். முதல் நாள் என்ன எழுதுவதென்று தெரியாமல், 'வழிகாட்டி எதுவும் பேசவில்லை' என்று எழுதினார். வழிகாட்டி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மறுக்காவிட்டால் கம்ப்யூட்டரே ஒப்புதல் தந்துவிடும். 'சம்பத் உங்கள் பதிவை ஏற்றுக்கொண்டார்' என்று சனிக்கிழமை மதியம் கைபேசிக்குச் செய்தி வந்தது. தனக்கோடி அப்போது துர்காவுக்குத் தண்ணீர் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அளவு தப்பிவிட்டது, கொட்டிவிட்டு மறுபடி அளந்தார்.

இரண்டாவது வாரம் அவர் நாற்காலியோடு பேச ஆரம்பித்தார். வேறு யார் காதிலும் விழாதபடி, "யோவ், வலிச்சுதா?" என்று கேட்டார். "என்னைக் கூப்பிட்டியா? எனக்குக் கேக்கலய்யா" என்றார். அன்றைக்கு, 'மன்னிப்புக் கேட்டேன்' என்று பதிவு போட்டார். இரண்டு நாள் கழித்து, 'சம்பத் உங்கள் பதிவை ஏற்றுக்கொண்டார்' என்று வந்தது. அது கம்ப்யூட்டர் என்று தெரிந்தும் தனக்கோடி கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

இதற்கிடையில் ஆண்டு விழா வந்தது. ஹரிபிரசாத் மேடையேறி, கண்ணை மூடி மூன்று முறை மூச்சு விட்டுவிட்டுப் பேசினார்.

"ஃப்ரெண்ட்ஸ், நம்ம போட்டிக் கம்பெனிகள்ல ஊழியர்கள் கத்துறாங்க, அழறாங்க, ரிசைன் பண்றாங்க. நம்மகிட்ட போன வருஷம் டூட்டி டைம்ல ஒரே ஒருத்தர்தான் இறந்தார். அதுவும் மௌன நேரத்துல. ஒரு சத்தம் இல்ல, யாருக்கும் டிஸ்டர்பன்ஸ் இல்ல. அந்தக் கல்ச்சரை நாமதான் உருவாக்கினோம். அவரோட ஸ்கோர் அதுக்கப்புறமும் குறைஞ்சுட்டே வருது. ஐம்பத்திரெண்டு, இருபத்தொன்பது, பதினொண்ணு. நான் கேக்கறது ஒண்ணுதான். அவரால முடியும்போது உங்களால ஏன் முடியல?"

கூட்டம் கை தட்டியது. கை தட்டாதவர்களை கேமரா குறித்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு இருந்தது. தனக்கோடியும் தட்டினார்.

மறுநாள் ரத்த அறைக்குப் போனார். அங்கே ரத்தம் எடுக்கும் பெண் கிறிஸ்டி, குரோம்பேட்டையிலிருந்து வருபவள், நேராகப் பேசுகிறவள்.

"செத்தவனுக்கு எப்படிம்மா ரத்தம் எடுக்கறீங்க?"

"எடுக்கலை அண்ணா. மொத நாளே எல்லாருக்கும் ஆறு டியூப் எடுத்தோம் இல்ல? ஒண்ணு டெஸ்டுக்கு, மீதி ஃப்ரீசருக்கு. லீவ்ல இருக்கவங்களுக்கு அதை எடுத்துப் போடச் சொல்லி ரூல். சம்பத் அண்ணன் லீவ்லதான் இருக்கார், சிஸ்டம்ல."

"உசுரோட இருக்கும்போது அவன் ஸ்கோர் இன்னா?"

கிறிஸ்டி கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "தொண்ணூத்தி நாலு. மெயில் போட்டேன். படிச்ச மாதிரி டிக் வந்துச்சு, அவ்ளோதான்."

"அப்புறம் ஏன் குறையுது?"

"கரண்ட் போனா ஜெனரேட்டர் சர்வருக்கும் காபி மெஷினுக்கும்தான் அண்ணா. ஃப்ரீசருக்குக் கிடையாது. உருகுது, திரும்ப உறையுது. அதுல இருக்கிற புரோட்டீன் எல்லாம் செதஞ்சுபோகுது. மெஷினுக்கு அது தெரியாது. புரோட்டீன் இல்லைன்னா டென்ஷன் இல்லைன்னு எழுதிடும்."

இதை அப்படியே ஹரிபிரசாத்திடம் போய்ச் சொன்னார். அவர் கூழாங்கல்லை உருட்டியபடி முழுவதும் கேட்டார். நன்றாகக் கேட்பதற்குப் பயிற்சி எடுத்தவர்.

"தனா, இது உங்க வலி பேசுது. சம்பத் போனதுல எனக்கும் வருத்தம்தான். அந்தக் குவார்ட்டர்ல என் ஸ்கோரே ரெண்டு பாயிண்ட் ஏறிடுச்சு. ஆனா டேட்டாவை நான் எப்படி சந்தேகப்பட முடியும்? டேட்டாவை சந்தேகப்பட்டா எனக்கு ஸ்ட்ரெஸ் வரும்."

"அவன் பேரை எடுத்துடுங்க சார். நான் தனியா இருந்தா கேப்பே இல்லையே."

ஹரிபிரசாத் யோசித்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. தன்னோடு தானே ஒப்பிடப்பட்டால் தனக்கோடிதான் அந்த டீமிலேயே அமைதியானவர்.

"எடுக்கலாம். ஆனா எக்ஸிட் ஃபைல் குளோஸ் ஆகணும். அவர் ஐடி கார்டு சரண்டர் ஆகலை. கார்டு வராம யாரையும் ரிலீஸ் பண்ண சிஸ்டம் விடாது. தொலைஞ்சுட்டா, தொலைஞ்சுடுச்சுன்னு ஊழியர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அவர் வைஃப்கிட்ட கேட்டு வாங்கிட்டு வாங்களேன். நீங்க சேஃப்."

சந்தோஷபுரத்தில் சம்பத்தின் மனைவி கீதா மாடிப் போர்ஷனில் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு தனக்கோடி போனார். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி கொண்டுவந்தாள். ஏழு வயதுப் பெண் அனுப்பிரியா சுவரோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நகமும் உதடும் லேசாக நீலம் பாரித்திருந்தன.

தனக்கோடி சுற்றி வளைக்கவில்லை. துர்காவைப் பற்றிச் சொன்னார், ஜூன் மாதத்தைப் பற்றிச் சொன்னார், கார்டைக் கேட்டார்.

கீதா உள்ளே போய் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. நீலப் பட்டையோடு கார்டை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். சம்பத் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல இருந்து நாலு தடவை போன் பண்ணாங்க அண்ணா. தேடறேன், தேடறேன்னே சொல்லிட்டு வந்தேன். பாப்பாவுக்கு ஹார்ட்ல ஓட்டை. ஆகஸ்ட்ல ஆபரேஷன் தேதி குடுத்திருக்காங்க. அவர் பேர் லிஸ்ட்ல இருக்கிற வரைக்கும் இன்ஷூரன்ஸ் ஓடுதுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அதான் குடுக்கல." அவள் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அக்காவும் உசிருதானே. நீங்க அவர் பக்கத்துல பத்து வருஷம் உக்காந்தவரு. நீங்களே முடிவு பண்ணுங்க."

தனக்கோடி கார்டைப் பார்த்தார். துர்காவின் முகம்தான் முதலில் வந்தது, பொய் சொல்லக் கூடாது. கார்டைச் சட்டைப் பையில் போடக் கையும் போனது. அப்புறம் நாற்காலிக்கு வெளியே தொங்கிய அந்த இடது கை வந்தது.

"கீதா, அன்னிக்கு அவன் தலை சாஞ்சதை நான் பார்த்தேன்மா," என்றார். "மௌன நேரம்னு எழுப்பல. இருபத்தாறு நிமிஷம். எழுப்பியிருந்தா இருந்திருப்பானோ என்னவோ."

கீதா சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், வெளியே வரவில்லை. தனக்கோடி கார்டை டிவி மேசை மேல் வைத்துவிட்டு, குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினார்.

ஜூன் மாதப் பரிசோதனையில் அவர் ஸ்கோர் எண்பத்தொன்பது. சம்பத்தின் ஸ்கோர் நான்கு.

ஹரிபிரசாத் ஒரு துளசிச் செடியும் வாழ்த்து அட்டையும் கொடுத்து அவரை ரிலீஸ் செய்தார். "நீங்க போனதும் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்தான் கம்பெனியிலேயே அமைதியான டீம் தனா. அந்தப் பெருமை உங்களுக்குத்தான். கார்டை மட்டும் கேட்ல குடுத்துட்டுப் போங்க."

தனக்கோடி கேட் வரைக்கும் போனார். செக்யூரிட்டி கை நீட்டினான். அவர் செடியை அவன் கையில் கொடுத்துவிட்டு, கார்டைக் கழற்றிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, வேகமாக நடந்து ஷேர் ஆட்டோவில் ஏறினார். அன்றைக்கு ஜூன் பதினொன்று.

அதன்பின் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. தேடுகிறேன் என்றார். மெயில் வந்தது. தேடுகிறேன் என்று எழுதினார். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேன்களுக்குப் பட்டியல் போடும் வேலை கிடைத்தது. செப்டம்பரில், ஃப்ரீசரில் இருந்த அவருடைய டியூப்பை எடுத்து அளந்ததில் ஐம்பத்தாறு வந்ததாகவும், அவருடைய முன்னேற்றம் ஊக்கமளிப்பதாகவும் வாழ்த்துச் செய்தி வந்தது. காப்பீடு நிற்காமல் ஓடியது. துர்காவுக்கு ஊசி மாறவில்லை, மெஷின் மாறவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று பேசாமலேயே முடிவு செய்திருந்தார்கள்.

அக்டோபரில் டயாலிசிஸ் நிலையத்தில் கவுன்டருக்குப் புதுப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். காலை எட்டரை மணி. பின்னால் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். அவள் துர்காவின் காப்பீட்டு எண்ணைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். குரல் தணிந்தது.

"மேம், இது பாசிவ் மெம்பர்னு காட்டுது, அதாவது பேர் லிஸ்ட்ல இருக்கு, ஆள் வேலைக்கு வரதில்லை. அந்தக் கம்பெனியில இந்த ஸ்டேட்டஸ்ல இதுவரைக்கும் இன்னொருத்தர்தான் இருக்கார். எக்ஸ்பயர் ஆனவரோட ஃபேமிலி. சாரி மேம், உங்க ஹஸ்பெண்ட் எப்போ தவறினார்? இந்த மாசத்துல இருந்து தேதி ஃபில் பண்ணலைன்னா கிளெய்ம் போகாது."

துர்காவின் பையைப் பிடித்தபடி தனக்கோடி அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தார். துர்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டாள். கால்கள் வீங்கியிருந்தன. வியாழக்கிழமையிலிருந்து மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

"ஜூன் பதினொண்ணு," என்றாள் துர்கா.

கவுன்டர் பெண் அதைத் தட்டினாள். பிறகு தனக்கோடியைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும் சார்?" என்றாள்.

தனக்கோடி வாயைத் திறந்தார். இந்த முறை கடிகாரம் எதுவும் பார்க்கவில்லை, ஆனாலும் சத்தம் வரவில்லை.

"தெரிஞ்சவரு," என்றாள் துர்கா. "துணைக்கு வந்திருக்காரு."

"அப்போ நீங்க வெளியில உட்காருங்க சார். உள்ள ஃபேமிலி மட்டும்தான்."

துர்கா அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அவர் விரலை ஒரு முறை அழுத்திப் பிடித்தாள். கதவு சாத்திக்கொண்டது. தனக்கோடி வெளியே போட்டிருந்த இரும்பு நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.